மூன்று அறிக்கைகளும் ஓர் இருமலும்

நான் வாங்கிய பட்டத்தின் பெயர் ரொம்ப நீளம். சமயம், சுகாதாரம், தலைமைப் பயிற்சி மூன்றையும் ஒன்றாகச் சேர்த்து மூன்று வருடப் படிப்பு. எழுபதுகளின் நடுவில் சென்னையில் ஒரு மிஷன் கல்லூரியில் ஆரம்பித்தார்கள், சில வருடம் நடத்திவிட்டு மூடிவிட்டார்கள். படித்து முடித்து வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதியப் போனபோது, அங்கிருந்த குமாஸ்தா சான்றிதழை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதை எந்தக் கட்டத்துலம்மா எழுதறது?" என்று கேட்டார். எனக்கும் தெரியவில்லை. கடைசியில் 'இதர' என்ற கட்டத்தில் எழுதிக்கொண்டார். நானும் சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

ஆசைப்பட்டுச் சேர்ந்த படிப்பும் அல்ல. நர்ஸிங்குக்கு மனுப் போட்டேன், கிடைக்கவில்லை. டீச்சர் ட்ரெயினிங்கும் கிடைக்கவில்லை. கிடைத்தது இதுதான். "கிராமத்துக்குப் போகிறவளுக்கு ஜெபிக்கவும் தெரியணும், ஊசி போடவும் தெரியணும், நாலு பேர் முன்னால் நின்று பேசவும் தெரியணும்" என்று எங்கள் பிரின்சிபால் அம்மா வாரம் ஒரு முறையாவது சொல்வார். கேட்க நன்றாகத்தான் இருக்கும். காலையில் வேதபாடம், மத்தியானம் உடற்கூறு, சாயங்காலம் கூட்டம் நடத்துவது எப்படி என்று ஒரு வகுப்பு. இந்த மூன்றும் ஒன்றோடொன்று எங்கே சந்திக்கும் என்று யாரும் சொல்லித் தரவில்லை. அது தானாக நடந்துவிடும் என்று எல்லோரும் நம்பினார்கள். நானும் நம்பினேன்.

மூன்றாம் வருடம் முழுக்க ஊர்ப்பணி. எனக்குக் கிடைத்தது பிள்ளைப்பாக்கம் ஏரிக்கு அந்தப் பக்கம் இருந்த ஒரு காலனி. ஸ்ரீபெரும்புதூரில் பஸ்ஸை விட்டு இறங்கி, மூட்டையும் மருந்துப் பெட்டியுமாக வரப்பு வழியே நடக்க வேண்டும். அப்போது அந்தப் பக்கமெல்லாம் நெல்லும் வேர்க்கடலையும்தான். திங்கள் முதல் வெள்ளி வரை சபையின் சின்னக் கோயிலை ஒட்டிய ஓர் அறையில் தங்குவேன். கிறிஸ்தவக் குடும்பங்கள் பாதி, இந்துக் குடும்பங்கள் பாதி. யார் எந்தப் பாதி என்று ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும்தான் தெரியும். சனிக்கிழமை கல்லூரிக்குத் திரும்பி அறிக்கை எழுத வேண்டும். மூன்று பாடத்துக்கும் தனித்தனியாக மூன்று நோட்டு. எனக்கு இருபத்திரண்டு வயது. அந்த வயதிலேயே திங்கட்கிழமை என்றால் காலில் ஒரு வலி வந்துவிடும்.

காலனிக்குப் போன முதல் வாரமே பெண்கள் என்னைப் பிடித்துக்கொண்டார்கள்.

"இன்னா படிக்கிற நீ? டாக்டருக்கா, ஐயருக்கா?"

சபைப் போதகரை அங்கே ஐயர் என்பார்கள். நான் இரண்டும் இல்லை என்று விளக்கிவிட்டு, தலைமைப் பயிற்சியும் உண்டு என்று சேர்த்துச் சொன்னேன்.

"அப்போ எலெக்‌ஷன்ல நிக்கப் போறியா?" என்றாள் ஒருத்தி. எல்லோரும் சிரித்தார்கள். பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு பெண் சிரிக்கும்போது இருமல் பிடித்துக்கொண்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து வெளியே போய்விட்டார்.

அவரைத்தான் அந்த வருடம் முழுக்க அக்கா என்று கூப்பிட்டேன். முப்பது வயதுக்கு மேல் இருக்கும். புருஷன் கல் உடைக்கப் போகிறவர். பத்து வயதில் ஒரு பெண். வகுப்பில் சொல்லிக்கொடுத்த அடையாளம் அத்தனையும் அவரிடம் இருந்தது. சாயங்காலக் காய்ச்சல், இளைப்பு, மாதக்கணக்கில் போகாத இருமல். ஸ்ரீபெரும்புதூர் ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். சளியில் கிருமி இருந்தது. டி.பி. மூன்று மாதம் ஊசி, ஒன்றரை வருடம் மாத்திரை. ஊசி போட, நான் ஊரில் இருந்த நாளெல்லாம் நானும் அவரும் வரப்பிலே நடந்தோம். முதல் மாதம் நான் முன்னால் போய் நின்று நின்று அவருக்காகக் காத்திருப்பேன். மூன்றாம் மாதம் அவர் முன்னால் போய் நின்று, "இன்னா டீச்சரு, நோவு உனுக்கா எனுக்கா?" என்று கேட்பார்.

ஊசி முடிந்து மாத்திரை மட்டும் என்று ஆனபோது நானே அவருக்குப் பாடம் சொன்னேன். காலையில் கஞ்சி குடித்த பிறகுதான் மாத்திரை. வெறும் வயிற்றில் போட்டால் புரட்டும், வாந்தி வந்தால் மருந்து வீண். அதனால் கஞ்சி, அப்புறம் மாத்திரை. மூன்று தடவை திருப்பிச் சொல்ல வைத்தேன். அப்படிச் சொல்ல வைக்க வேண்டும் என்பது சுகாதாரப் பாடத்தில் இருந்தது.

உடம்பு தேறத் தேற அவர் வேறு ஆளாகிவிட்டார். அடிபம்பு கெட்டு இரண்டு மாதமாகக் கிடந்தது. ஒரு நாள் பத்துப் பெண்களைக் கூட்டிக்கொண்டு, ஆளுக்கொரு காலிக் குடத்தோடு பஞ்சாயத்து ஆபீஸ் வாசலில் போய் உட்கார்ந்துவிட்டார். "தண்ணி வர்ற வரிக்கும் இங்கதான் சமைப்போம்" என்றாராம். நாலாவது நாள் ஆள் வந்து பம்பைச் சரிசெய்தான். எனக்கு வாயெல்லாம் பல். தலைமைப் பாடத்துக்கு நான் ஒரு ஆளைத் தேடிக்கொண்டிருந்தேன், ஆள் தானாக வந்துவிட்டது. மாதர் கூட்டம் ஒன்று தொடங்கி அவரையே தலைவியாக வைத்தோம். கை தட்டியவர்களில் இந்துப் பெண்களும் இருந்தார்கள்.

தலைவி என்றால் மற்றவர்கள் உன்னைப் பார்த்துத்தான் நடப்பார்கள், நீ செய்வதைத்தான் செய்வார்கள் என்று அவரிடம் சொன்னேன். அது தலைமைப் பாடம்.

பிறகு லெந்து காலம் வந்தது. ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் நோன்பு. அந்தக் காலனியில் அதுவரை யாரும் அதைப் பெரிதாக அனுசரித்ததில்லை. வெள்ளிக்கிழமை மட்டும் கோயிலுக்குப் போவார்கள். எனக்குச் சமயப் பாடத்துக்கு ஒரு நிகழ்ச்சி வேண்டியிருந்தது. மாதர் கூட்டம் நாற்பது நாளும் உபவாசம் இருக்கட்டும், சாயங்காலம் சேர்ந்து ஜெபித்துவிட்டுச் சேர்ந்து சாப்பிடட்டும் என்று யோசனை சொன்னேன். எப்படி இருக்க வேண்டும் என்று கேட்டார்கள். "சாயங்கால ஜெபம் முடிகிற வரைக்கும் தண்ணியைத் தவிர வேறெதுவும் வாயில் படக்கூடாது" என்றேன். அந்த வாக்கியத்தைச் சொன்னபோது என் குரல் எனக்கே பிடித்திருந்தது.

இதில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அதற்கு இரண்டு மாதம் முன்னால்தான் பல மதங்களிலும் நோன்பு என்று ஒரு கட்டுரை எழுதியிருந்தேன். நோயாளிக்கும் பிள்ளைத்தாய்ச்சிக்கும் பயணிக்கும் நோன்பிலிருந்து எங்கெங்கே விலக்கு உண்டு என்று அதில் ஒரு பக்கம் முழுக்க எழுதியிருந்தேன். நல்ல மார்க் போட்டிருந்தார்கள். அந்தப் பக்கம் சமய நோட்டில் இருந்தது. அக்கா மாத்திரை போட்ட நாள்களைக் கோடு போட்டுக் குறிக்கிற அட்டை சுகாதார நோட்டில் இருந்தது. இரண்டையும் ஒரே நாளில் ஒரே மேஜையில் விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். எனக்குத் தோன்றவில்லை. இப்போது நினைத்தாலும் என் மேல் எரிச்சலாக வருகிறது.

நாற்பது நாளும் அக்காதான் முன்னால் நின்றார். மற்றவர்கள் நடுவில் ஒரு வாய் டீ குடித்தார்கள், நடவுக்குப் போன அன்று கூழ் குடித்தார்கள். அவர் ஒன்றும் தொடவில்லை. சாயங்காலம் ஜெபம் சொல்லி, எல்லோருக்கும் கூழ் ஊற்றிவிட்டுக் கடைசியில் தான் குடிப்பார். "தலவி சாப்ட்டுட்டா மத்தவங்க இன்னா நெனப்பாங்க?" என்று சொன்னதை அப்படியே தலைமை நோட்டில் எழுதிவைத்தேன்.

வாரத்துக்கு ஒரு தடவை மாத்திரையை எண்ணிப் பார்க்க வேண்டும் என்பது விதி. அந்த நாற்பது நாளில் எனக்கு அதற்கு நேரம் இல்லை. ஜெபக்கூட்டம், பாட்டு, அறிக்கை என்று ஓடிக்கொண்டிருந்தேன். கூட்டத்தின் நடுவிலேயே, "மாத்திரையெல்லாம் சரியா போய்க்கிட்டிருக்கா அக்கா?" என்று கேட்பேன். அவர் தலையாட்டுவார். அட்டையில் ஏழு கோடு போடுவேன். இருபது பெண்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது தலைவி வேறெப்படித் தலையாட்டுவார் என்று யோசிக்க எனக்குப் புத்தி போகவில்லை.

ஈஸ்டர் முடிந்த அடுத்த வாரம் பரீட்சை. தேர்வாளர்கள் மூன்று பேரும் பிரின்சிபால் அம்மாவும் ஒரு வேனில் வந்து இறங்கினார்கள். பெண்கள் எல்லோரும் குளித்து, தலை வாரி, கோயிலுக்குள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அக்கா எழுந்து நின்று வரவேற்றுப் பேசினார். பம்பு கதையைச் சொன்னார். நாற்பது நாள் நோன்பைச் சொன்னார். தலைமைப் பாடத்தின் தேர்வாளர் என்னைப் பார்த்துச் சிரித்தார். சமயப் பாடத்தின் தேர்வாளர் குறித்துக்கொண்டார். மூன்றாமவர், சுகாதாரத்துக்கு வந்தவர், மாத்திரை அட்டையை வாங்கிப் பார்த்தார். ஒரு நாள்கூட விடாமல் கோடு இருந்தது. "பிரமாதம்" என்றார்.

அப்போது அக்கா இருமினார்.

சின்ன இருமல் இல்லை. ஆழத்திலிருந்து இழுத்துக்கொண்டு வந்தது. அந்த இருமலை எனக்குத் தெரியும். மூன்று மாதம் வரப்பில் அதோடு நடந்திருக்கிறேன். ஒரு தடவை வந்தது, இன்னொரு தடவை வந்தது. தேர்வாளர் அட்டையிலிருந்து தலையைத் தூக்கப் போனார். நான் சட்டென்று பெண்கள் பக்கம் திரும்பி, "பாட்டைத் தொடங்குங்க" என்றேன். இருபது பேரும் ஒரே குரலில் எடுத்தார்கள். சின்னக் கோயில், தகரக் கூரை. அந்தச் சத்தத்தில் வேறெதுவும் கேட்கவில்லை. பாட்டு முடிந்தபோது அக்கா முந்தானையை வாயிலிருந்து எடுத்துவிட்டிருந்தார். அன்று மறுபடி அவர் இருமவில்லை.

மறுநாளே நான் அவர் வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. மூன்று அறிக்கைகளையும் படியெடுத்துக் கட்டிக் கொடுக்க வேண்டும் என்று கல்லூரிக்குப் போய்விட்டேன். ஒன்பது நாள் கழித்து, கடைசி அறிக்கையையும் கொடுத்துவிட்டுத்தான் திரும்பி வந்தேன். காரணம் கேட்டால் வேலை இருந்தது என்பேன். வேலை இருந்ததும் உண்மைதான்.

வீட்டில் அக்கா பாயில் படுத்திருந்தார். கன்னம் மறுபடி ஒட்டிப் போயிருந்தது. மாத்திரை எங்கே என்று கேட்டேன். மேலே பரணிலிருந்து ஒரு பவுடர் டப்பாவை எடுத்து வந்து அவர் மகள் என் முன்னால் வைத்தாள். கவிழ்த்தேன். லெந்து தொடங்கியதிலிருந்து கொடுத்த மாத்திரைகள் எல்லாம் அதில் இருந்தன.

"ஏன் அக்கா?" என்றேன். என் குரல் அவரைத் திட்டுவது போலத்தான் இருந்தது.

அவர் என்னை வித்தியாசமாகப் பார்த்தார். "நீதான சொன்ன டீச்சரு? கஞ்சி குடிச்சிட்டுதான் மாத்திர போடணும்னு. நோம்புல ஏது கஞ்சி? தண்ணியத் தவுர வாயில எதுவும் படக்கூடாதுன்னியே."

"சாயங்காலம் சாப்பிட்டப்புறம் போட்டிருக்கலாமே?"

"காலீலதான் போடணும்னு சொல்லிக்கினே இருப்பியே. மூணு வாட்டி சொல்ல வெச்சியே என்னிய."

"ஈஸ்டருக்கு அப்புறம்?"

"நாப்பது நாளு போடாமயே நல்லாத்தான கீறோம்னு வுட்டுட்டேன்" என்றார். "கடசி வாரம்தான் லேசா இருமலு வந்திச்சு. தூசுன்னு நெனச்சேன்."

நான் சொன்ன எதையும் அவர் மீறவில்லை. மூன்று பாடத்தையும் என்னைவிட ஒழுங்காகப் படித்திருந்தார். அவற்றைச் சேர்த்துப் பார்த்திருக்க வேண்டியவள் நான். அதற்குத்தான் எனக்குப் பட்டம் கொடுக்கப் போகிறார்கள்.

தாம்பரம் பக்கத்தில் டி.பி.க்கென்று இருந்த பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "நடுவுல விட்டா கிருமி மருந்துக்குப் பழகிடும்மா. பழைய மாத்திரை இனிமே பிடிக்குமான்னு தெரியல. பார்ப்போம்" என்றார். திட்டவில்லை. அவருக்கும் களைப்பாக இருந்திருக்கும். அந்த மாதிரி எத்தனை எக்ஸ்ரே பார்ப்பார் ஒரு நாளைக்கு.

பிரின்சிபால் அம்மாவிடம் போய் நோன்பு விஷயத்தைச் சொன்னேன், அழுதேன். "நீ வேணும்னு செய்யலையேம்மா" என்று என் தலையைத் தடவினார். இருமலைப் பற்றியும் பாட்டைப் பற்றியும் நான் அவரிடம் சொல்லவில்லை. சொல்லத்தான் போனேன். தலையைத் தடவியதும் நின்றுவிட்டது. முதல் வகுப்பில் தேறினேன். அடுத்த வருடம் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு என் மூன்று அறிக்கைகளையும் மாதிரி என்று படிக்கக் கொடுத்தார்கள். வேண்டாம் என்று ஒரு கடிதம் போட்டிருக்கலாம். போடவில்லை.

எனக்கு மிஷன் ஆஸ்பத்திரி ஒன்றில் ஊர் ஊராகப் போகிற வேலை கிடைத்தது. படப்பை, ஒரகடம் பக்கம் பஸ்ஸில் போய் வந்து, ஆளுக்கு ஆள் மாத்திரை கொடுத்து, என் கண் முன்னாலேயே விழுங்க வைப்பேன். நாக்கைத் தூக்கிக் காட்டச் சொல்வேன். எனக்கு அங்கே கண்டிப்பான அம்மா என்று பெயர். நோன்பு, விரதம் என்று யாராவது ஆரம்பித்தால் எனக்குக் கோபம் வந்துவிடும். ஞாயிற்றுக்கிழமைகளில் அக்காவைப் பார்க்கப் போவேன். ஒன்றரை வருடம் இழுத்தது. சில மாதம் வீட்டில் இருப்பார், பிறகு மறுபடி வார்டுக்கு வந்துவிடுவார். புருஷன் வேலைக்குப் போகாத நாள்களில் வந்து கட்டிலுக்குக் கீழே உட்கார்ந்திருப்பார். அவரும் என்னை ஒரு வார்த்தை கேட்டதில்லை. ஒவ்வொரு வாரமும் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் பஸ் ஏறுவேன். போய் ஆரஞ்சு உரித்துக் கொடுத்துவிட்டு, பேசிவிட்டுத் திரும்பி வந்துவிடுவேன். அந்த ஞாயிற்றுக்கிழமைப் பஸ்களின் அலுப்பு இன்னும் என் உடம்பில் இருக்கிறது. இரண்டாவது மழைக்காலத்தில் ஒரு நாள் அவருக்கு ரத்தம் கட்டுக்கடங்காமல் வந்து, மறுநாள் காலை இறந்துபோனார்.

அதற்கு இரண்டு வாரம் முன்னால்தான் ஒருவழியாகச் சொன்னேன். மத்தியான நேரம். பக்கத்துக் கட்டில்காரர்கள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அக்கா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். தோள் எலும்பு புடவைக்கு மேலே தெரிந்தது.

"அக்கா, பரீட்சை அன்னிக்கி நீங்க இருமினீங்களே, அது எனக்குக் கேட்டுச்சு. எனக்கு அது என்ன இருமல்னு தெரியும். தெரிஞ்சுதான் பாட்டுப் பாடச் சொன்னேன். அப்புறமும் ஒன்பது நாள் வரல. மார்க் போயிடும்னு பயந்துட்டேன்."

திட்டுவார், அழுவார், முகத்தைத் திருப்பிக்கொள்வார் என்று ஒன்றரை வருடமாக என்னென்னவோ நினைத்து வைத்திருந்தேன்.

அவர் என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"தெர்யும் டீச்சரு" என்றார். "உனுக்குக் கேட்டத நானு பாத்தேன். உன் மொகம் வெளுத்துப் பூட்ச்சு. பாவம், வருசம் பூரா நம்ம பின்னால நடந்துகினு கீது பொண்ணு, இன்னிக்கு ஒரு நாளாவது அடக்கிக்குவோம்னு முந்தானிய வாயில திணிச்சிகினேன்."

கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தேன், அவர் விடவில்லை.

"அடக்கிட்டேன்ல?" என்று கேட்டார்.